கறுப்பு வெள்ளைப் பெட்டி: கேளுங்கள், சொல்கிறேன்

பழைய கறுப்பு வெள்ளை டிவிகளைச் சேர்த்து ஓட வைப்பது பற்றிச் சென்ற இதழில் எழுதினேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்வி. அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

தாத்தா வாங்கிய வால்வு டிவியை (டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழல்களில் ஓடுவது) பரணிலிருந்து இறக்கியிருக்கிறோம். கடைசியாக எப்போது ஓடியது என்று யாருக்கும் நினைவில்லை. பிளக்கில் செருகிப் பார்க்கலாமா? வீட்டில் எல்லோரும் ஆவலாக இருக்கிறார்கள். – ஒரு வாசகி

வேண்டாம் சகோதரி. எவ்வளவு வற்புறுத்தினாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "சும்மா போட்டுத்தான் பார்ப்போமே" என்று யாரோ ஸ்விட்சைத் தட்டியதால் வீணான பெட்டிகள்தான் என் மேசைக்கு அதிகம் வருகின்றன.

பவர் சப்ளையில் இருக்கும் பெரிய அலுமினிய கண்டன்சர்களுக்குள் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று உண்டு. வருடக்கணக்கில் வோல்டேஜ் இல்லாமல் கிடந்தால் அது நலிந்துவிடும். திடீரென்று முழு வோல்டேஜ் ஏறினால் உள்ளே கசிவு அதிகமாகி, சூடேறி, வெடிக்கவும் செய்யும். மெழுகு பூசிய பேப்பர் கண்டன்சர்கள் இதைவிட மோசம். ஈரத்தை உறிஞ்சி உறிஞ்சி, டி.சி.யைத் தடுக்க வேண்டிய பொருள் அதைக் கசியவிட ஆரம்பித்திருக்கும். அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (வால்வில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனை) முன்னால் இருக்கும் கண்டன்சர் அப்படிக் கசிந்தால், கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு கட்டுக்கடங்காமல் கரண்ட் இழுக்கும். கற்றையைத் திரையின் குறுக்கே ஓட்டும் லைன் அவுட்புட் வால்வுக்கு ஆசிலேட்டரிலிருந்து டிரைவ் வராமல் போனாலும் இதே கதிதான். பிளேட் செக்கச்செவேலென்று பழுக்கும், கூடவே ஈ.ஹெச்.டி. (படக்குழாய்க்கு வேண்டிய ஹை வோல்டேஜ்) டிரான்ஸ்பார்மரும் வெந்துபோகும். வால்வுக்கு மாற்று கிடைத்துவிடும், அந்த டிரான்ஸ்பார்மருக்கு லேசில் கிடைக்காது.

ஆகவே முதல் நாள் ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சும் மட்டும் போதும். பின் அட்டையைக் கழற்றி நிதானமாகப் பாருங்கள். எலி கடித்த ஒயர் இருக்கிறதா, மெயின்ஸ் ஒயரின் ரப்பர் தொட்டால் உதிர்கிறதா, எங்காவது மெழுகு உருகி வழிந்திருக்கிறதா, கருகிய வாடை வருகிறதா? படக்குழாயின் கழுத்துக்குள், அல்லது வால்வுகளின் தலையில், கண்ணாடியின் உட்புறம் வெள்ளிப் பூச்சு ஒன்று தெரியும். அது வெள்ளியாகவே பளபளத்தால் வெற்றிடம் இருக்கிறது. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, அதை இனி ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்தது கண்டன்சர்கள். பேப்பர் கண்டன்சர்களைச் சோதித்துக்கொண்டிருக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். செராமிக், மைக்கா இரண்டையும் அநேகமாகத் தொட வேண்டியிருக்காது. கார்பன் ரெசிஸ்டர்கள் வயதாக ஆக மதிப்பில் கூடிக்கொண்டே போகும், மீட்டர் வைத்துப் பார்த்து 20 சதவீதத்துக்கு மேல் விலகியதை மட்டும் மாற்றுங்கள். மெயின்ஸுக்குக் குறுக்கே வரும் கண்டன்சருக்கு மெயின்ஸுக்கென்றே செய்த எக்ஸ்-2 தரமுள்ளதையே போட வேண்டும். அடுக்குத் தகடுகளாக செலினியம் ரெக்டிஃபையர் இருந்தால் அதை சர்க்யூட்டிலிருந்து விலக்கிவிடுங்கள். அது எரிந்தால் வரும் புகை நாற்றம் மட்டுமல்ல, விஷமும்கூட. பதிலுக்கு சிலிக்கான் டயோடு போடலாம். ஆனால் சிலிக்கானில் இழப்பு குறைவு என்பதால் சப்ளை வோல்டேஜ் கூடிவிடும், அதைக் குறைக்க ஒரு ரெசிஸ்டரையும் தொடராகச் சேர்க்க வேண்டும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்துப் பவர் கொடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் தொடரலாம். முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது. உள்ளே கைவைக்கத் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

டிவியை அணைத்துப் பல நாள் ஆன பிறகும் பிக்சர் டியூபில் 15,000 வோல்ட் இருக்கும், தொட்டால் ஆள் காலி என்கிறார்கள். உண்மையா?

சார்ஜ் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஆபத்தை எல்லோரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள்.

படக்குழாயின் உள்ளேயும் வெளியேயும் கிராஃபைட் பூச்சு இருக்கிறது, நடுவில் கண்ணாடி. இரண்டு பூச்சுகளும் சேர்ந்து ஒரு கண்டன்சர் ஆகிவிடுகின்றன. ஒரு கணக்குக்கு 1,500 பிக்கோஃபாரட், 15,000 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், அதில் தேங்கும் சக்தி ஒரு ஜூலில் ஆறில் ஒரு பங்குதான். வலிக்கும், கையை வெடுக்கென்று இழுப்பீர்கள், அந்த இழுப்பில் குழாயின் கழுத்து உடையும் அல்லது சேசிஸ் தகடு கையைக் கிழிக்கும். அதே பெட்டியின் பவர் சப்ளையில் 200 மைக்ரோஃபாரட் கண்டன்சர் 250 வோல்ட்டில் நின்றால் அதில் 6 ஜூலுக்கு மேல் இருக்கிறது. முப்பது மடங்குக்கும் அதிகம். அதை யாரும் பயந்து பேசிக் கேட்டதில்லை. என் கை எப்போதும் முதலில் அங்கேதான் மீட்டரை வைக்கும்.

குழாயை டிஸ்சார்ஜ் செய்ய, நல்ல இன்சுலேஷன் உள்ள ஒயரின் ஒரு முனையைக் குழாயின் வெளிக் கிராஃபைட்டைத் தொட்டு ஓடும் எர்த் பின்னலில் கட்டிவிட்டு, மறுமுனையை ஸ்க்ரூடிரைவரில் மாட்டி, குழாயில் ஹை வோல்டேஜ் ஒயர் சேரும் இடத்தை மூடிய ரப்பர் குல்லாவுக்கு அடியில் நுழையுங்கள். நடுவில் உயர் மதிப்பு ரெசிஸ்டர் ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முறை செய்துவிட்டு நிம்மதியாகிவிடாதீர்கள். கண்ணாடிக்குள் ஊறிய சார்ஜ் சில நிமிடங்களில் மறுபடி தலைகாட்டும், இன்னொரு முறை செய்யுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பெட்டிகளிலும், அதன் பிறகு வந்த சிலவற்றிலும் ஈ.ஹெச்.டி.யை நேரே மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரிலிருந்தே எடுத்திருப்பார்கள். அதன் பின்னால் நிற்கும் கரண்ட் ஆளைக் கொல்லப் போதுமானது. அனுபவம் இல்லாதவர் அதன் பக்கமே போகக் கூடாது.

மெயின்ஸின் ஒரு கம்பி நேரடியாகச் சேசிஸில் இணைந்த பெட்டிகள் ஏராளம். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேசிஸ் முழுக்க ஃபேஸ். அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு குமிழ் கழன்றிருந்தால் அந்த வெறும் உலோகத் தண்டே ஷாக் அடிக்கும். பழைய குமிழ்களில் இறுக்கும் திருகின் குழிக்குள் மெழுகு அடைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனிகூட அந்தத் திருகைத் தொடக் கூடாது என்பதற்காக வைத்தது அது. சுத்தம் செய்கிறேன் என்று அதைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் திரும்ப அடையுங்கள். வேலை முழுக்க, மெயின்ஸோடு நேர்த் தொடர்பைத் துண்டித்துப் பவர் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் வழியாகவே நடக்கட்டும்.

23 அங்குலத் திரையின் ஓரங்களில் வட்டவட்டமாகப் பால் நிறத் திட்டுகள். பாஸ்பர் (திரையின் ஒளிரும் பூச்சு) போய்விட்டதா?

போகவில்லை ஐயா. கொஞ்சம் பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள். படம் ஓர் ஆழத்திலும் திட்டு அதற்கு முன்னாலும் இருப்பது தெரியும். சேகரிப்பாளர்கள் இதைக் கண்புரை என்றே சொல்கிறார்கள். 1950களின் கடைசியிலிருந்து 1960கள் வரை வந்த பல குழாய்களில், முகப்பின் மேல் ஒரு பாதுகாப்புக் கண்ணாடியை ஒட்டியிருந்தார்கள். நடுவில் இருக்கும் ஒட்டுப்பொருளுக்குள் ஓரம் வழியாக ஈரம் புகுந்து, அது கெட்டுப்போவதால் வரும் திட்டுகள் இவை. அதனால்தான் மூலைகளில் தொடங்கி நடுவுக்கு வருகின்றன.

குழாயைக் கழற்றி, ஓர நாடாவை உரித்துவிட்டு, வெதுவெதுப்பான நீரில் தொடங்கிச் சூட்டை மெள்ள மெள்ளக் கூட்ட வேண்டும். இதில் அவசரமே கூடாது, ஒரு பக்கம் சூடு மறுபக்கம் குளிர் என்றால் கண்ணாடி விரிசல் விடும். ஒட்டுப்பொருள் இளகியதும் ஓரத்தில் முதலில் ஒரு நூல் அளவு இடைவெளி விழும். உள்ளே பார்த்தால் பிசின் இழை இழையாக நீள்வது தெரியும். அந்த இடைவெளிக்குள் ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பத் தோன்றும், நெம்பாதீர்கள். மெல்லிய, உறுதியான இழை ஒன்றை இரு கையாலும் பிடித்து, அறுப்பதுபோல் முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டு உள்ளே போங்கள். கண்ணாடி தானாக மிதந்து வரும்வரை பொறுங்கள். முகத்துக்கு முழு ஷீல்டு, கைக்குத் தடித்த கையுறை இல்லாமல் தொடங்கவே தொடங்காதீர்கள். குழாய்க்குள் வெற்றிடம், உடைந்தால் சில்லுகள் உள்நோக்கிப் பாய்ந்து மறுபுறம் தெறிக்கும்.

பிரித்த கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கட்டாயம் திரும்பப் பொருத்துங்கள். அது இல்லாமலே படம் நன்றாகத் தெரிகிறது என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்க்கிறவர் முகத்துக்கும் வெற்றிடக் குழாய்க்கும் நடுவே இருக்கும் ஒரே காவல் அதுதான்.

அனலாக் ஒளிபரப்பே இல்லாத காலத்தில் இந்தப் பெட்டிகளில் என்னத்தைப் பார்ப்பது?

நீங்களே ஒரு சின்ன நிலையம் ஆகிவிட வேண்டியதுதான். அமெரிக்காவில் பெரிய நிலையங்களின் அனலாக் 2009 ஜூன் 12 அன்று நின்றது. பிரிட்டனில் 2012 அக்டோபரில் முடிந்தது. இன்று எச்.டி.எம்.ஐ.யை ஏ.வி.யாக்கும் ஒரு சின்னப் பெட்டி, ஏ.வி.யை ஆன்டெனா சிக்னலாக்கும் மாடுலேட்டர், இரண்டும் இருந்தால் போதும். மாடுலேட்டர் வாங்கும்போது அது வி.எச்.எஃப். தருமா என்று கேளுங்கள். யு.எச்.எஃப். மட்டும் தருகிறவை நிறைய, பழைய ட்யூனர்களில் பலவற்றுக்கு அது எட்டாது. படத்துக்கும் ஒலிக்கும் இடையே இருக்கும் தூரமும் பொருந்த வேண்டும். 4.5, 5.5, 6 மெகாஹெர்ட்ஸ் என்று முறைக்கு முறை மாறும். பொருந்தாவிட்டால் படம் அழகாக வரும், ஒலிக்குப் பதில் இரைச்சல்தான்.

படத்தை 625 அல்லது 525 வரிகளாக வரையும் பெட்டிகளுக்கு இது போதும். 1936இல் லண்டன் அலெக்சாண்ட்ரா பேலஸிலிருந்து தொடங்கிய பிரிட்டனின் 405 வரி முறைக்கும், பிரான்சின் 819 வரி முறைக்கும் வரிக் கணக்கை மாற்றித் தரும் ஸ்டாண்டர்ட்ஸ் கன்வெர்ட்டர் தனியாக வேண்டும். 405 வரி ஒளிபரப்பு 1985 ஜனவரியில் நின்றது. அதன் பிறகும் அந்தப் பெட்டிகள் ஓடுகின்றன என்றால் சேகரிப்பாளர்களே உட்கார்ந்து உருவாக்கிய கன்வெர்ட்டர்கள்தான் காரணம்.

ஒரு சின்ன யோசனை. கலர் வீடியோவை அப்படியே கொடுத்தால் படத்தின் மேல் பொடிப்பொடியாகப் புள்ளிகள் ஊர்வது தெரியும், அது கலர் சிக்னல். எஸ்-வீடியோ வெளியீடு இருந்தால் அதில் வெளிச்சத்துக்கான இழையை மட்டும் எடுத்து மாடுலேட்டருக்குக் கொடுங்கள். படம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும். அறை விளக்கையும் குறைத்துவிடுங்கள். அணைந்த திரை என்ன சாம்பல் நிறத்தில் தெரிகிறதோ அதைவிடக் கறுப்பை அந்தக் குழாயால் தர முடியாது.

உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு மீன் தொட்டி செய்ய ஆசை. யோசனை சொல்லுங்கள்.

செய்யாதீர்கள். ஒரு வால்வு செட்டின் ஈ.ஹெச்.டி. டிரான்ஸ்பார்மரையும் படக்குழாயையும் இனி யாரும் புதிதாகச் செய்யப் போவதில்லை. உங்களுக்கு அந்தப் பெட்டியின் மரம்தான் வேண்டுமென்றால், ஏற்கெனவே குழாய் உடைந்த ஒன்றைத் தேடிக்கொள்ளுங்கள். எடுத்த சேசிஸையாவது ஒரு சேகரிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள், வேறொரு பெட்டி பிழைக்கும்.

என் பையன் டிவி "கீ" என்று கத்துகிறது என்கிறான். எனக்கு எதுவும் கேட்கவில்லை.

அவன் சொல்வது சரி அம்மா. 625 வரிகளை நொடிக்கு 25 முறை வரைந்தால் 15,625. அந்த அதிர்வெண்ணில் டிரான்ஸ்பார்மர் அதிரும். வயது ஏற ஏற நம் காது அந்த உயரத்தை முதலில் இழக்கும். 405 வரிப் பெட்டியில் அது 10,125, பெரியவர்களுக்கும் கேட்கும். 819 வரிப் பெட்டியில் 20,475, அநேகமாக யாருக்குமே கேட்காது. சத்தம் திடீரென்று "உஸ்" என்று மாறி, மழைக்கு முன் வருவது போன்ற ஓசோன் வாடை வந்தால் மட்டும் அணைத்துவிடுங்கள், எங்கோ ஹை வோல்டேஜ் கசிகிறது.

படம் இல்லை, திரையின் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும். எங்கே தொடங்குவது?

முதலில் பிரைட்னஸைக் குறையுங்கள். முழுத் திரைக்கும் பரவ வேண்டிய கற்றை ஒரே கோட்டில் அடிக்கிறது, பாஸ்பரில் அழியாத தழும்பு விழுந்துவிடும்.

கோடு தெரிகிறது என்றாலே ஹை வோல்டேஜும் கிடைமட்டப் பகுதியும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். பாதி வேலை முடிந்தது. செங்குத்துப் பகுதி மட்டும் நின்றிருக்கிறது. ஐரோப்பிய செட் என்றால் அங்கே பெரும்பாலும் பி.சி.எல். 85 வால்வு இருக்கும், மாற்றிப் பாருங்கள். சரியாகாவிட்டால் போர்டைத் திருப்பி, அந்த வால்வு பேஸின் பின்கள் மேல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து லென்ஸ் வழியாகப் பாருங்கள். சூட்டில் விரிந்து விரிந்து சுருங்கிய இடம் அது. சால்டர் மேட்டின் நடுவே, பின்னைச் சுற்றி, தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால் அதுதான் உங்கள் கோளாறு. பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலே பூசினால் மட்டும் போதாது, வளையம் அடியிலேயே இருந்துகொண்டு பிறகு மறுபடி வரும்.

அதுவும் இல்லையென்றால் ஹைட் கன்ட்ரோல், அவுட்புட் டிரான்ஸ்பார்மர், டிஃப்ளெக்ஷன் காயில் என்று வரிசையாக மீட்டர் வையுங்கள். படம் வந்தும் அடிப்பாகம் மட்டும் மடிந்து நின்றால், செங்குத்து அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு வரும் கண்டன்சர் கசிகிறது.

படம் ரொம்ப மங்கல். டியூபை ரீஜுவனேட் செய்தால் தெளியும் என்கிறார்களே?

அது கடைசி மருந்து. குழாயில் எலெக்ட்ரான்களை வெளிவிடும் கேத்தோடின் மேற்பரப்பைச் சுட்டுப் புதுப்பிக்கும் முறை அது. தெளிந்தாலும் எத்தனை நாள் என்று சொல்ல முடியாது, சில குழாய்கள் அதோடு போய்விடும். முதலில் குழாயின் ஹீட்டருக்குச் சரியான வோல்டேஜ் வருகிறதா, ஈ.ஹெச்.டி. போதுமா, முதல் ஆனோடு வோல்டேஜ் இருக்கிறதா என்று பாருங்கள். உண்மையிலேயே தேய்ந்த குழாய் என்றால், வெளிச்சத்தைக் கூட்டும்போது முகங்களின் வெளிச்சப் பகுதிகள் வெள்ளிபோல மினுங்கி விவரம் இழந்துவிடும்.

1940களின் கடைசி, 1950களின் பெட்டி என்றால் குழாயின் கழுத்தில் குட்டிக் காந்தம் ஒன்று கவ்வியிருக்கும். அயன் ட்ராப் என்று பெயர். அயனிகள் திரையைச் சுடாமலிருக்க, எலெக்ட்ரான் துப்பாக்கியையே கோணலாகச் செய்து, எலெக்ட்ரான்களை மட்டும் காந்தத்தால் வளைத்து நேர்வழிக்குக் கொண்டுவரும் ஏற்பாடு. பெட்டியைத் தூக்கி இறக்கியதில் அது நகர்ந்திருந்தால் படம் மங்கிவிடும். அதைவிட மோசம், கற்றை துப்பாக்கியின் உட்பாகங்களையே சுட்டுக்கொண்டிருக்கும். திரையைப் பார்த்தபடி அதை மெள்ளத் திருப்பி, முன்பின் நகர்த்தி, வெளிச்சம் உச்சத்துக்கு வரும் இடத்தில் நிறுத்துங்கள். பின்னாளில் திரைக்குப் பின்னால் அலுமினியப் பூச்சு வந்தபின் இந்தக் காந்தத்துக்குத் தேவை குறைந்து மறைந்தது.

பழைய கண்டன்சரின் கூட்டுக்குள்ளேயே புதியதை ஒளித்துவைப்பது நல்லதா, வெளிப்படையாகப் புதியதைப் போடுவதா?

இரண்டு கட்சி உண்டு. பழைய காகிதக் குழலைச் சூடாக்கி உள்ளிருப்பதைத் தள்ளிவிட்டு, புதிய ஃபிலிம் கண்டன்சரைச் செருகி, அதே மெழுகால் மூடுகிறவர்களின் பொறுமையை நான் மதிக்கிறேன். போருக்கு முந்தைய அரிய பெட்டிகளில் அதுவே முறை. மற்றவற்றில் புதியதை வெளிப்படையாகவே போடுகிறேன். பத்திருபது வருடம் கழித்து இதைத் திறக்கப்போகிறவருக்கு எது பழசு, எது மாற்றியது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும். கழற்றியவற்றை ஓர் உறையில் போட்டு, என்ன மாற்றினேன் என்ற தாளோடு பெட்டிக்குள்ளேயே வைத்துவிடுகிறேன். வால்வுகளைத் துடைக்கும்போது மேலே அச்சிட்ட எழுத்தின்மேல் துணி படவிடாதீர்கள். தொட்டாலே அழியும், அழிந்தால் அது என்ன வால்வு என்று கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

வீட்டில் மூன்று பெட்டிக்குத்தான் இடம். எதைத் தேடலாம்?

ஆசைக்குச் சொல்கிறேன். 1946இல் வந்த ஆர்.சி.ஏ. 630-டி.எஸ்.: 10 அங்குலத் திரை, 30 வால்வு, போருக்குப் பின் பெருமளவில் செய்து விற்ற முதல் செட். 1950இன் புஷ் டிவி 22: 9 அங்குலத் திரை, வளைந்த பேக்லைட் கூடு. 1960இன் சோனி டிவி 8-301: 8 அங்குலம், வால்வுகளுக்குப் பதில் டிரான்சிஸ்டர்கள், நேரடியாகத் திரையைப் பார்க்கும் முதல் முழு டிரான்சிஸ்டர் டிவி. மூன்றையும் வரிசையாக வைத்தால் இந்தத் தொழில் வந்த வழி தெரியும். திரை தனியாகத் தலைபோல் திரும்பும் ஃபில்கோ பிரெடிக்டாவை நிறையப் பேர் கேட்கிறீர்கள். 1958இல் வந்த அதன் தோற்றத்துக்கு ஈடில்லை, ஆனால் புதிதாக இருந்தபோதே அடிக்கடி ரிப்பேர் என்று பெயர் வாங்கியது. முதல் பெட்டியாக அது வேண்டாம். முதலுக்கு, சர்க்யூட் படம் கிடைக்கிற, குழாய் நன்றாக இருக்கிற, சாதாரண 12 அங்குல டிரான்சிஸ்டர் போர்ட்டபிள் ஒன்றே நல்லது.

வாங்கிய பெட்டியைக் காரில் கொண்டுவர வேண்டும். எப்படி வைப்பது?

திரை முன் சீட்டின் முதுகைப் பார்க்கும்படி, பெட்டியை நிமிர்த்தியே வைத்து பெல்ட் போடுங்கள். பிரேக் அடித்தால் எடை முழுவதும் முகப்புப் பக்கம் சாயும், கழுத்துக்கு அடி விழாது. வால்வுகள் ஆட்டத்தில் கழன்று குழாய் மேல் விழாதிருக்க, ஒவ்வொன்றையும் எந்த பேஸில் இருந்தது என்று போட்டோ எடுத்துவிட்டுத் தனியாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். குழாய் தனியாக வந்தால் தடித்த போர்வை மேல் முகம் கீழே பார்க்க வையுங்கள். எந்த நிலையிலும் கழுத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள்.